ரோட்டர் என் கையில் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது நர்ஸுகளுக்கு எப்போதாவது வாய்க்கிற பண்டம். அப்படி வாய்த்த ஒரு நாளில், சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, மீன் குழம்பு வைத்து, மதியம் போர்வையை இழுத்து மூடித் தூங்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். என் கணவர் அருள்ராஜ் கீழே ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தார். நஜஃப்கர் தாண்டி ஒரு கிராமத்தில், கொட்டகைக்குள் பழைய பிக்கப் வண்டி ஒன்று கிடக்கிறதாம். பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாமாம். அவருடைய ஒரு மணி நேரம் எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தொண்ணூற்று ஒன்பதாம் வருடம், டிசம்பர் மாதம்.

அவர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைக்காரர். நானும் அந்தப் பக்கம்தான். டெல்லி ஜனக்புரியில் முதல் மாடியில் வாடகை வீடு, நடக்கிற தூரத்தில் அவருக்கு ஒரு சின்ன ஒர்க்ஷாப், எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்தான் எனக்கு எல்லாம் என்று சொன்னால் சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆனால் உண்மை அதுதான், வேறு எப்படிச் சொல்வது?

கிராமத்தில் எங்களை எதிர்கொண்டவர் ராம்மேஹர். நாற்பது வயது தாண்டிய ஜாட் விவசாயி, நல்ல ஆகிருதி, கையில் எப்போதும் ஒரு தடி. நிலத்தை பில்டருக்கு விற்றுவிட்டார். ஜனவரி முடிவதற்குள் கொட்டகையை இடிக்க வேண்டும். வண்டியை யார் எடுத்துக்கொண்டு போனாலும் சந்தோஷம் என்றார். என் கணவருக்கும் ஆள் இருந்தது. சத்தர்பூரில் புதிதாக ஹோட்டல் திறக்கிற ஒருவர், வாசலில் நிறுத்தி வைக்கப் பழைய காலத்து வண்டி கேட்டிருந்தார். ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

கொட்டகை வீட்டிலிருந்து தள்ளி, கடுகு வயலின் ஓரத்தில் தனியாக நின்றது. ஜன்னல் இல்லாத செங்கல் சுவர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரக்கதவுகள். வெளியே மணிக்கட்டுத் தடிமனுக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள். ராம்மேஹர் அதை நீக்கிவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நீங்க பாருங்க பாயி. நான் இங்கயே நிக்கறேன்."

உள்ளே வண்டியே இல்லை. கூரை வரைக்கும் பூசாதான் இருந்தது. பூசா என்றால் கோதுமைத் தாளைப் பொடித்த தூள் வைக்கோல், இங்கே மாட்டுக்கு அதுதான் தீனி. கூலியாட்கள் வந்து முறத்தால் வாரி வாரி வெளியே கொட்டினார்கள். மதியம் தாண்டி ஒரு தகரக் கூரை தெரிந்தது. அப்புறம் கண்ணாடி, அப்புறம் உருண்டையான இரண்டு ஹெட்லைட். கைக்குழந்தையை முதல்முறை பார்க்கிற தகப்பன் மாதிரி என் கணவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஏட்டி உஷா, பெட்ரோல் வண்டி. நாலு சிலிண்டர். துரு பெருசா ஏறலட்டி. இப்படியொரு வண்டிய யாராவது வைக்கோல்ல பொதச்சு வப்பானா?"

"நம்மள மாதிரி லூசு தோண்டி எடுக்க வருவான்னு வச்சிருப்பான். ஜல்தி கெளம்புங்க, எனக்குப் பசிக்குது."

அப்போதுதான் எனக்கு அந்த வாடை வந்தது. பூசாவின் இனிப்பான மக்கல் வாடைக்கு அடியில் வேறொன்று. பஸ் கிளம்பும்போது அதன் பின்னால் மாட்டிக்கொண்டால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புகை வாடை. பழசாக இல்லை. இப்போதுதான் யாரோ இன்ஜினை அணைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் சாக்குத் துணிகளைத் திணித்திருந்தார்கள். எலி வராமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன். அவை உள்பக்கத்திலிருந்து திணிக்கப்பட்டவை என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. கதவு வரை பூசா அடைத்த கொட்டகைக்குள் நின்றுகொண்டு யார் அதைத் திணித்திருப்பார்கள் என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. கார்புரேட்டரை எப்படிச் சுத்தம் செய்வது என்ற யோசனையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் அவர் அங்கேயே கிடந்தார். இறுகிப்போன பிஸ்டன்களுக்கு மேலே டீசலை ஊற்றி ஊற வைத்தார். ஏர் ஃபில்டரில் இருந்த எலிக்கூட்டைக் குடும்பத்தோடு அப்புறப்படுத்தினார். டாங்க் ஓட்டை என்பதால் ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டு டியூப் இழுத்தார். எனக்கு ஓய்வு கிடைத்த நாட்களில் நானும் போய், வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி அவரைக் கிண்டல் செய்துகொண்டிருப்பேன். ஒவ்வொரு முறை போகும்போதும் கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. திறந்து போட்டுவிட்டுத்தான் வந்தோம் என்பார் அவர். காற்றுக்குச் சாத்தியிருக்கும் என்பேன் நான். அந்தக் கதவை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அங்கே போய் வருகிற நாட்களில் அவருக்குத் தலைவலி வந்தது. குமட்டல் என்றார். பேசிக்கொண்டே தூங்கிப்போனார். குளிரில் வெளுத்துப்போக வேண்டிய முகம் சிவப்பாக இருந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும். மூடிய அறையில் புகையை மூச்சாக இழுத்தவர்களை அவசரப் பிரிவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகைக்குக் கண் எரியாது, இருமல்கூட வராது. தூக்கம் மட்டும் வரும். சிரித்த முகமாகச் சாவார்கள்.

"கொட்டகைய அடச்சுப்போட்டு இன்ஜின ஓட்டுதீங்களா? உண்மையச் சொல்லுங்க."

"இன்ஜினுக்கு இன்னும் உசுரே வரல. எங்கட்டி ஓட்ட?"

அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

ஜனவரி முதல் ஞாயிறு அன்று வண்டிக்கு உயிர் வந்தது. கதவுகளை அகலத் திறந்து வைத்துவிட்டு, முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றினார். நாலாவது சுற்றில் இன்ஜின் இருமியது. ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. என் கணவர் கிரீஸ் கையோடு என்னைத் தூக்கிச் சுற்றினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அந்தச் சத்தம் கேட்டு ராம்மேஹர் வயலுக்குக் குறுக்கே ஓடி வந்தார். தடி கையில் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"பந்த் கரோ! பந்த் கரோ பாயி!"

என் கணவர் இன்ஜினை அணைத்தார். ராம்மேஹர் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்.

அவருடைய அப்பா காலத்தில் இந்த வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தான். கட்வால் மலைப் பக்கத்துப் பையன், இருபது வயதுகூட ஆகாதவன். பெயர் யாருக்கும் நினைவில்லை, எல்லாரும் பஹாடி, அதாவது மலைக்காரன், என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் படுக்க அவனுக்கு அனுமதி இல்லை. கொட்டகையில் வண்டிக்குள்தான் படுப்பான். வண்டியோடு ஓடிவிடுவான் என்ற பயத்தில் அப்பா ராத்திரி வெளியே தாழ்ப்பாள் போடுவார். ஒரு ஜனவரியில் தண்ணீர் உறைகிற குளிர். அவன் ஒரு ரஜாய், பஞ்சுப் போர்வை, கேட்டான். காலையில் பார்க்கலாம் என்றார் அப்பா. அவன் காற்று வராமல் கதவு இடுக்கையெல்லாம் சாக்கால் அடைத்துவிட்டு, சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"காலைல அப்பா தொறந்தாரு. எனக்கு எட்டு வயசு, பின்னாலயே நானும் வந்தேன். இன்ஜின் ஓடிட்டே இருந்தது. அவன் ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தான். கன்னமெல்லாம் ஆப்பிள் மாதிரி சிவப்பு."

அதற்கு அப்புறம் வண்டியை யாரும் எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் கொட்டகைக்குள் இன்ஜின் ஓடியது. அப்பா பேட்டரியைக் கழற்றினார், அப்புறமும் ஓடியது. பெட்ரோலை வடித்தார், ஓடியது. கடைசியில் சத்தம் கேட்காமல் இருக்கப் பூசாவைக் கொட்டி மூடினார்கள்.

"இந்தப் பூசாவ ஒரு வருஷம்கூட மாட்டுக்குப் போட்டதில்ல தீதி."

திரும்பும் வழியெல்லாம் என் கணவர் ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். உத்தம் நகர் சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"ஒரு போர்வ குடுத்திருக்கலாம்லா, உஷா. ஒரே ஒரு போர்வ."

அவருக்கு லடாக்கில் லே பக்கம் பனியில் இருந்த அனுபவம் உண்டு. அங்கே ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் படுத்த கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். குளிர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குத் தாங்காது. மறுநாள் பெட்டியைத் திறந்து, பட்டாளத்துச் சாம்பல் நிறக் கம்பளியை எடுத்துக்கொண்டு போனார். வண்டியின் சீட்டில் விரித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"பேய்க்குக் கம்பளியா? அடுத்தது காப்பி போட்டுக் குடுப்பீங்களோ?"

"ஏட்டி போ, உனக்கு எல்லாம் வெளையாட்டு."

நான் கேலி செய்தேனே தவிர, அந்த வண்டியை இனி தொட வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சவும் செய்தேன். ஹோட்டல்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை கிரேன் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தடவை போய்ப் பிரேக்கைச் சரிபார்த்தால் முடிந்தது என்றார். தனியாக விட மாட்டேன் என்று நானும் கிளம்பினேன்.

அன்று பகல் பதினோரு மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. எதிரே வருகிற லாரி மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. வயலும் இல்லை, வரப்பும் இல்லை, எல்லாம் வெள்ளை. கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. ராம்மேஹரின் ஆட்கள் இருவர் வந்து தள்ளித் திறந்து, இரண்டு கதவுக்கும் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டு வேளைக்கு வேலை முடிந்தது. தலை பாரமாக இருக்கிறது, வண்டியில் அரை மணி நேரம் சாய்கிறேன், நீ ராம்மேஹர் வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடு என்றார். நான் நகரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்து, உள்ளேயிருந்து ஒரு சின்னத் துண்டை உருவினார். பெருவிரல் அளவில் கறுப்பாக, தலையில் பித்தளைத் தகடு வைத்த துண்டு. ரோட்டர். அது சுற்றினால்தான் பிளக்குகளுக்கு மின்சாரம் போகும். பட்டாளத்தில் வண்டியை நிறுத்தினால் ரோட்டரை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது வழக்கம். எதிரி கையில் வண்டியே கிடைத்தாலும் ஓட்ட முடியாது. ஒர்க்ஷாப்புக்கு வருகிற வாடிக்கையாளர் வண்டிகளிலும் அதைக் கழற்றி, தொலைத்து, என்னைத் தேட வைப்பது அவர் பழக்கம்.

கைக்குட்டையில் சுற்றி என் கையில் வைத்தார்.

"இது உன்கிட்ட இருக்குற வரைக்கும் அந்த வண்டி வெறும் தகரம். பேட்டரி இருந்தாலும் ஓடாது, பெட்ரோல் இருந்தாலும் ஓடாது. சாவியும் நீயே வச்சுக்கோ. போதுமா?"

போதும் என்று நானும் நம்பினேன். பதினெட்டு வருடம் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தியவள், அந்தத் துண்டை நம்பாமல் வேறு எதை நம்புவேன்?

ராம்மேஹரின் மனைவி கீரையும் கம்பு ரொட்டியும் கொடுத்தாள். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். தொழுவத்தில் எருமைகள் திடீரென்று எழுந்து நின்றன. எல்லாம் ஒரே திசையில் பார்த்தன.

பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

இருமல். பிறகு ஒரு திணறல். பிறகு சீராக, மெதுவாக, இன்ஜின் ஓடுகிற சத்தம்.

ராம்மேஹரின் மனைவி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். சாவி இருந்தது. கைக்குட்டையைப் பிரித்தேன்.

ரோட்டர் என் கையில் இருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு வரப்பிலேயே போய்விட்டது. வெள்ளைக்குள் கொட்டகை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தச் சத்தத்தை நோக்கி ஓடினேன். கிட்டே போகப் போக அது அடங்கிப்போனது போல் கேட்டது. மூடிய பெட்டிக்குள்ளிருந்து வருவது போல்.

கதவுகள் சாத்தியிருந்தன. முட்டுக் கொடுத்த செங்கற்கள் ஓரமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது.

"யார் போட்டது? ராம்மேஹர் பாயி! தாழ்ப்பாள யார் போட்டது?"

அவர் என் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்றார். "நான் இல்ல தீதி. எங்க ஆளுங்க யாரும் இல்ல" என்றார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க அவரால் முடியவில்லை. நான் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்தேன். அது பனிக்கட்டி போல் கையில் ஒட்டியது. தோல் உரிந்து வந்தது. தாழ்ப்பாளும் வந்தது. ஆனால் கதவு அசையவில்லை. கீழ் இடுக்கு முழுக்கச் சாக்கு.

"என் புருஷன் உள்ள இருக்காரு! உங்க அப்பா பண்ணினதையே நீங்களும் பண்ணப் போறீங்களா?"

அது கொடுமையான பேச்சுதான். ஆனால் அதுதான் அவரை அசைத்தது. அந்தப் பெரிய மனிதர் அழுதுகொண்டே வந்து தோளால் மோதினார். மூன்றாவது மோதலில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நீலப் புகை. ஹெட்லைட் இரண்டும் மங்கலாக எரிந்தன. நான் முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு, தகரத்தைத் தடவித் தடவி இடது பக்கக் கதவைப் பிடித்துத் திறந்தேன்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற இடத்தில் இல்லை, பக்கத்து சீட்டில், கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை அந்தச் சாம்பல் நிறக் கம்பளி. கன்னம் இரண்டும் செக்கச் செவேல் என்று இருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு.

கம்பளி அவரோடு முடியவில்லை. அது ஓட்டுகிற சீட்டு வரை நீண்டிருந்தது.

அங்கேயும் அது மேடாக இருந்தது. இரண்டு முழங்கால்கள் மடங்கியிருக்கிற மேடு.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மட்டும் இருந்தது. கீழே ஆக்சிலரேட்டர் மிதி தானாக அமுங்கி, தானாக எழுந்தது.

நான் அவர் அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தேன். கனமான நோயாளிகளைத் தூக்கிப் பழகிய கை. ஆனால் அவர் வரவில்லை. அவருடைய வலது கை கம்பளிக்குள் மாட்டியிருந்தது. இழுத்தால் அந்தப் பக்கமும் இழுத்தது. நான் இழுக்க, அது இழுக்க, கம்பளி விறைத்தது. எனக்குத் தலை சுற்றியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நானும் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. இயேசுவே, இவரை விட்டுவிடு, இவரைத் தவிர எனக்கு யாரும் இல்லை என்று கத்தினேன்.

அவசரப் பிரிவில் சில நோயாளிகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். சில பிள்ளைகள் செத்துப்போன அம்மாவின் கையை விடாது. பலத்தால் பிரித்தால் இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. டெல்லியில் எந்த நர்ஸைக் கேட்டாலும் தெரியும், தூக்கத்திலும் வாயில் வரும். யோசித்துச் சொல்கிற வார்த்தை இல்லை அது. என் வாய் தானாகச் சொன்னது.

"டர் மத், பேட்டா. தர்வாசா குல் கயா. சோட் தே. மேரே சாத் கர் சல்."

பயப்படாதே, பிள்ளை. கதவு திறந்தாச்சு. கையை விடு. என்கூட வீட்டுக்கு வா.

இன்ஜின் நின்றது.

அந்த நிசப்தத்தில், கம்பளியின் அந்தப் பக்கத்து மேடு மெல்லத் தரைமட்டமாகியது. அவர் கை தளர்ந்தது. நான் அவரோடு சேர்ந்து மண்ணில் விழுந்தேன். ராம்மேஹர் எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார். பனிக்காற்று பட்டதும் என் கணவர் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். அந்த ஒரு மூச்சுக்காக ஆண்டவருக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

ராம்மேஹரின் ஜீப்பில் எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் டூட்டிக்கு வந்த என் தோழி ராஜி, நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னை விரட்டினாள். காலையில் வந்தபோது அவர் கண் திறந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. நான் வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"ராத்திரி நல்லா தூங்குனாரு" என்றாள் ராஜி. "ஒரே ஒரு தடவ முழிச்சு இன்னொரு கம்பளி வேணும்னாரு. குடுத்தேன்."

வண்டியை ஹோட்டல்காரருக்குக் கொடுக்க நான் விடவில்லை. ராம்மேஹரும் அதையே சொன்னார். மாயாபுரியில் பழைய இரும்பு உடைக்கிற இடத்துக்கு அனுப்பினோம். லீவு போட்டுவிட்டு நானே போய் நின்றேன். கேஸ் கட்டரால் கூரையை அறுத்தார்கள், கதவுகளை அறுத்தார்கள், இன்ஜினைச் சம்மட்டியால் நாலாக உடைத்தார்கள். ரோட்டரை நானே அந்தக் குவியலில் விட்டெறிந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. சனியன் விட்டது என்று அன்று சாயங்காலம் கேசரிகூடக் கிண்டினேன்.

அவர் வீட்டில் ஓய்வாக இருந்தார். மெல்ல நடந்தார், பேப்பர் படித்தார், என் சமையலைக் குறை சொன்னார். பழைய அருள்ராஜ் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஜனவரி கடைசி வாரம். காலை டூட்டி முடித்து மதியம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பனி விலகி, பளிச்சென்று வெயில். எங்கள் மாடிப்படிக்குப் பக்கத்தில் துணி தேய்க்கிறவள் மேசை போட்டிருப்பாள். கரிப் பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவள், காலனி முழுக்க யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் இந்தியில் கேட்டாள்.

"தீதி, உங்க வீட்டுப் பையனுக்குக் குடுத்த கரி போதுமாமா? இன்னும் வேணுமா?"

"எந்தப் பையன்?"

"அதான், உங்க வீட்ல வந்து தங்கியிருக்கானே. ஒல்லியா, பஹாடி மாதிரி. இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர்கூடப் போடாம வந்து நின்னான். பல்லு தடதடன்னு அடிக்குது. ரொம்பப் பாவமா இருந்திச்சு. ஒரு தட்டு நெறயத் தணல் அள்ளிக் குடுத்தேன். மேல போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

நான் படியில் ஓடினேன்.

முன்னறை ஜன்னல் சாத்தியிருந்தது. சமையலறை ஜன்னல் சாத்தியிருந்தது. காலையில் எல்லாவற்றையும் நானே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். படுக்கையறைக் கதவைத் தள்ளினேன். கீழே ஏதோ தடுத்தது.

உள்ளேயிருந்து துண்டையும் என் பழைய சேலையையும் சுருட்டித் திணித்திருந்தது.

உடம்பை முழுக்கக் கொடுத்துத் தள்ளினேன். அறை கதகதவென்று இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், என் சமையலறை எவர்சில்வர் தட்டில், தணல் கனிந்து சிவப்பாக ஜொலித்தது. அவர் கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி ஒதுங்கிப் படுத்திருந்தார். மீதிக் கட்டில் முழுக்கக் காலியாக இருந்தது. காலியான இடத்தில் போர்வை அழகாக இழுத்து மூடியிருந்தது.

ஜன்னல்களை உடைக்கிற வேகத்தில் திறந்தேன். தட்டைத் தூக்கிப் பால்கனியில் வீசினேன், விரல் வெந்தது தெரியவில்லை. அவர் கன்னத்தில் அறைந்தேன், தோளைப் பிடித்து உலுக்கினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். ஒரு யுகம் போல் இருந்தது. பிறகு அவர் இருமினார். கண் திறந்தார். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி, கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கையை நீட்டி, போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டார்.

"ஜன்னலச் சாத்துட்டி, உஷா" என்றார் அலுப்போடு. "அவனுக்குக் குளுருதுல்லா."